அறுவை செய்த மாட்டுக்குச் சீழ்: கடைக்காரர் சொல்லும் 'பவர்' ஊசியைப் போடலாமா?

கேள்வி: கன்று குறுக்கே கிடந்ததால் கால்நடை மருத்துவமனையில் மாட்டுக்கு அறுவை செய்து கன்றை எடுத்தார்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன. நான்கு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் தையல் போட்ட இடம் வீங்கிச் சீழ் வடிகிறது. சோதித்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமி என்று வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் மருந்துகளுக்கு நேரே 'ஆர்', அதாவது கேட்காது. "இதைவிடப் பவரான ஊசி இருக்கிறது, மூன்று நாள் போடுங்கள்" என்கிறார் மருந்துக் கடைக்காரர். போடலாமா? இது மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டதுதானா? மருந்து ஓடுவதால் பாலை விற்கவில்லை, கன்றுகளுக்கே ஊற்றிவிடுகிறேன்.

பதில்: போடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் செஃபாக்ஸிடின் என்ற மருந்தின் வரியைத் தேடிப் பாருங்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று முடிவு கட்டுவதற்குப் பெரும்பாலும் அந்த வரிதான் ஆதாரம். அங்கே 'ஆர்' என்றால் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரையாக்சோன் என்று அந்தக் குடும்பத்தையே மொத்தமாக அடித்துவிடலாம். அவற்றில் ஒன்றிரண்டுக்கு நேரே 'எஸ்', அதாவது கேட்கும் என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். இந்த மருந்துகள் கிருமியின் சுவர் கட்டும் புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்கின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த வேலைக்கு வேறொரு புரதத்தை வைத்திருக்கிறது, மருந்துக்கு அதில் பிடி கிடைப்பதில்லை. டோஸை ஏற்றினாலும் கதை அதேதான்.

கடைக்காரர் 'பவர்' என்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இதே குடும்பத்துப் புது டப்பாவாகவோ, அதோடு இன்னொன்றைச் சேர்த்த கலவையாகவோ இருக்கும். மருந்துக்குப் பவர் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தக் கிருமிக்குக் கேட்குமா, சீழ் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா என்ற இரண்டு கேள்விதான். மாட்டின் எடை என்ன, காய்ச்சல் இருக்கிறதா, ரிப்போர்ட் எங்கே என்று எதையும் கேட்காமல் ஊசி விற்பவர் வைத்தியம் பார்க்கவில்லை, சரக்கு தள்ளுகிறார். மூன்று நாள் என்ற கணக்கை எங்கிருந்து பிடித்தார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

காயத்துக்கு முதல் வைத்தியம் சீழை வெளியேற்றுவது. தேங்கிய சீழுக்குள் எந்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. அடிப்பக்கத்துத் தையலில் சிலதைப் பிரித்து, வடியவிட்டு, சலைனால் கழுவ வேண்டும். இதை மருத்துவர் செய்யட்டும், நீங்கள் பிளேடை எடுக்காதீர்கள். சீழ் தோலுக்கடியோடு நின்றுவிட்டதா, வயிற்றுக்குள் போகிறதா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். மாடு நன்றாகத் தின்று, அசைபோட்டு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வடித்துச் சுத்தம் செய்வதிலேயே ஆறிவிடும் காயங்கள் உண்டு. ஆன்டிபயாடிக் தேவைதானா என்பதே அதற்குப் பிறகு வரும் கேள்வி. தீனி குறைந்தாலோ காய்ச்சல் ஏறினாலோ அன்றைக்கே கொண்டு போங்கள்.

மருத்துவமனையில்தான் ஒட்டியதா? இருக்கலாம். ஆனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. மாட்டின் மூக்கிலோ, தினமும் கறப்பவரின் மூக்கிலோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கக்கூடிய கிருமி இது. 1972-லேயே பெல்ஜியத்தில் மடிநோய் வந்த மாடுகளின் பாலில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் உண்மை: பல தொழுவத்து நோயாளிகள் கூடுகிற, எந்நேரமும் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ஓடுகிற இடம் மருத்துவமனை. அங்கே தப்பிப் பிழைக்கும் கிருமி லேசுப்பட்டதாக இருக்காது. கயிறு, மூக்குப்பிடி, வெப்பமானி, கை என்று எதில் வேண்டுமானாலும் அடுத்த மாட்டுக்கு ஏறும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெரிய கால்நடை மருத்துவமனையையே 2004-ல் மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா என்ற குடல் கிருமி பரவியதால் மூட வேண்டியதாயிற்று. வசதிக்குக் குறைவில்லாத இடம் அது.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைத் தூக்கிப் போட்டது கடைசி வரிதான்.

விற்கக் கூடாத பாலைக் கன்றுக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பாலில் இருப்பது கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவு மருந்து. கன்றின் குடலில் ஈ.கோலை என்ற கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது. மருந்துக்கு அடங்குவது குறைந்து, அடங்காதது பெருகும். அதோடு நிற்பதில்லை. அடங்காத குணத்தைச் சுமக்கும் மரபணுத் துண்டை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கவும் செய்யும். பிறகு அது சாணத்தில், தரையில், வாளியில், தாயின் காம்பில். நாளைக்குக் கன்றுக்குக் கழிச்சல் முற்றி, ஊசி போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது ஊசி கேட்காது. அந்தக் கன்றை ஏற்றிக்கொண்டு நீங்கள் மருத்துவமனைக்குப் போவீர்கள். அப்போது அங்கே ஒட்டவைப்பது யார்?

"காய்ச்சி ஊற்றுகிறேன்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுதாகப் போகாது. "கொஞ்சம்தானே" என்பார்கள். கொஞ்சமாக இருப்பதுதான் இங்கே வினை. பிறந்த அன்றைய சீம்பாலில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன், அது இல்லாமல் கன்று தேறாது. அதற்கப்புறம் மருந்து போடாத மாட்டின் பாலையோ பால்மாவையோ கொடுங்கள். ஒதுக்கிய பாலை நீர்நிலைக்கும் கால்நடைக்கும் எட்டாத குழியில் கொட்டுங்கள். மனசு கேட்காதுதான், கொட்டுங்கள். ஒதுக்கும் நாளைக் கடைசி ஊசியிலிருந்து எண்ணுங்கள், முதல் ஊசியிலிருந்து அல்ல. டப்பாவில் எழுதியிருப்பதைவிட மருத்துவர் டோஸைக் கூட்டியிருந்தால் நாளும் கூடும், அவரிடமே கேளுங்கள்.

இந்த மாட்டைத் தனியே கட்டுங்கள், கடைசியாகக் கறங்கள். காயத்தைக் கையுறை போட்டுத் தொட்டு, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவரும் சர்க்கரை நோயாளியும் அந்த வேலைக்கு வேண்டாம். வீட்டில் யாருக்காவது கட்டி கிளம்பினால் மாட்டு விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். சாணத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீண். தேய்த்துக் கழுவிக் காயவிட்ட தரையில்தான் அது வேலை செய்யும்.

தையல் பிரிக்கப் போகும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து, எம்.ஆர்.எஸ்.ஏ. மாடு வருகிறது என்று சொல்லிவிடுங்கள். கடைசி ஆளாக வரச் சொல்வார்கள், அல்லது வண்டியிலேயே வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் கயிற்றையே கொண்டு போங்கள், திரும்பும்போது அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.