கோல அட்டையில் கேமரா ஏன் குழம்புகிறது?

கேள்வி: காட்பாடியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எண்ணிப் பழகும் ஏஆர் விளையாட்டு (கேமராவில் தெரியும் காட்சியின்மேல் கணினிப் படங்களைச் சேர்த்துக் காட்டுவது) ஒன்று செய்திருக்கிறேன். கோலம் அச்சிட்ட அட்டையை போன் கேமராவில் காட்டினால் அதன்மேல் மாம்பழங்கள் தோன்றும். வீட்டில் ஓடுகிறது, பள்ளியில் பல நேரம் அட்டையே பிடிபடவில்லை. ஆனால் விளையாடிய எல்லாரும் "சூப்பர்" என்றார்கள். எதைத் திருத்துவது?

பதில்: முதலில் அட்டை. கூர்மையான மூலைகள், கருப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடங்கள் இவற்றை வைத்துத்தான் மென்பொருள் படத்தை அடையாளம் காண்கிறது. புள்ளிக் கோலம் நான்கு பக்கமும் ஒன்றுபோல இருப்பது நமக்கு அழகு, அதற்குத் தொல்லை. எது மேல்பக்கம் என்று தெரியாது. வளைகோடுகளில் மூலைகளும் குறைவு. கோலத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் ஒழுங்கில்லாத படமாகப் போடுங்கள். காம்பும் இலையுமாகக் குவித்த வேலூர் முள் கத்தரிக்காய் நன்றாக வேலை செய்யும். பளபள லேமினேஷன் வேண்டாம். டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் அதில் பட்டுப் படத்தை மறைத்துவிடும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு போனைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அப்புறம் பட்டனை எப்படித் தொடுவது? போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அட்டையை மட்டும் நகர்த்த விடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் குரலில் சொல்லுங்கள். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கேமராவும் கிராபிக்ஸும் சேர்ந்து ஓடினால் போன் சூடாகித் திணறும். விலை குறைந்த பழைய போனில், மதிய நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அந்த "சூப்பர்" எதற்கும் சாட்சியாகாது. எவ்வளவு பிடித்தது என்பதை முகப்படங்களில் ஒன்றைக் காட்டிச் சொல்லவைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு, ஆய்வாளர் ஜேனட் ரீட் குழுவினரின் ஸ்மைலியோமீட்டர்; அதில் ஐந்து முகங்கள் இருந்தாலும், சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய சிரிப்பையே காட்டுகிறார்கள். கேட்பவர் டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம்! "மறுபடி விளையாடலாமா, வெளியே போகலாமா?" என்று கேளுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை எழுதுங்கள். நடுவில் உதவாதீர்கள்; விளையாட்டைச் செய்தவருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

கற்றார்களா என்பதை போன் இல்லாமல்தான் பார்க்க வேண்டும். விளையாடுவதற்கு முன்பு ஒரு தடவை, சில நாள் கழித்து ஒரு தடவை, புளியங்கொட்டைக் குவியலைக் கொடுத்து "ஏழு எடு" என்று சொல்லுங்கள். திரையில் சரியாகச் சொன்ன பிள்ளை இங்கே தடுமாறினால், அட்டைப் படத்தை மனப்பாடம் செய்திருக்கலாம். அட்டைக்கு ஓர் எண் என்று கட்டிப்போடாமல், ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள்.

சோதனையை வீடியோ எடுப்பதானால் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகம் வேண்டாம், கையும் அட்டையும் தெரிந்தால் போதும்.