கடலுக்காக உழைக்கற அமைப்புகளுக்கு நாம என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மாசம் 1000 ரூபா குடுக்கலாம்னு இருக்கேன். ஆமை, கடல்னு நிறைய பேர் டொனேஷன் கேக்கறாங்க, உண்மையா வேலை செய்யறவங்கள எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: நல்லது தம்பி. ரசீது, 80ஜி (டொனேஷனுக்கு வருமான வரியில கழிவு தர்ற பதிவு), தர்பண்ங்கற அரசாங்க தொண்டு அமைப்பு போர்ட்டல்ல பதிவு இதெல்லாம் கேளுங்க, ஆனா பேப்பர் யார் வேணா சரியா வெச்சுக்கலாம். நான் முதல்ல பாக்கறது, அந்த ஊர் மீனவங்க அதுல இருக்காங்களா, போட்டோவுக்கு மட்டும் நிக்கறாங்களா இல்ல வேலையே அவங்க கையிலதான் இருக்கா. நீலாங்கரையில 2002ல ஆரம்பிச்ச ட்ரீ ஃபவுண்டேஷன், குப்பத்து பசங்களையே கடல் ஆமை பாதுகாப்புப் படைன்னு சேத்து கரையை பாத்துக்கறாங்க. தஞ்சாவூர் கடற்கரையில வெளிவயல்ல ஓம்கார் ஃபவுண்டேஷன் இருக்கு, மூங்கில் சட்டத்துல தேங்கா நார் கயிறு கட்டி அதுல கடல்புல்லை வெச்சு கடலுக்கடியில நடறாங்க. அந்தப் புல்லைத்தான் ஆவுளியா, அதாவது கடற்பசு மேயும், அதுக்குள்ளதான் எறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளரும், அதனால புல் திரும்பி வந்தா மீனவங்க வலைக்கும் அது வந்து சேரும். 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு காப்பகமா அறிவிச்சாங்க, அந்த அறிவிப்பு உயிரோட இருக்கணும்னா இந்த மாதிரி உள்ளூர் ஆளுங்க வேணும்.

கேள்வி: டேக்ஸ்ல கழியுமா?

பதில்: வருமான வரி புது முறையில இருந்தா 80ஜி கழிவு கிடையாது. பழைய முறைன்னா உண்டு, ஆனா 2000 ரூபாக்கு மேல ரொக்கமா குடுத்தா அதுவும் போச்சு, பேங்க் வழியா அனுப்பி அமைப்புகிட்ட டொனேஷன் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க.

கேள்வி: காலேஜ் படிக்கறேன் அக்கா, கையில காசு இல்ல. ராத்திரி பீச்ல ஆமை முட்டை தேடிப் போற ஆமை நடைக்கு வந்தா உபயோகமா இருக்குமா, வேடிக்கை பாக்கற மாதிரி ஆயிடுமா?

பதில்: கண்டிப்பா வாங்க. சென்னையில எஸ்எஸ்டிசிஎன்னு ஒரு கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு இருக்கு, 1988லேருந்து மாணவர்களை வெச்சே ஓடற அமைப்பு, ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி ராத்திரி நடப்பாங்க. வேலை என்னன்னா, ஆமை ஏறி வந்த தடம் மணல்ல டிராக்டர் டயர் போன மாதிரி தெரியும், அது முடியற இடத்துல குச்சியை மெதுவா இறக்கிப் பாப்பாங்க, மணல் இறுக்கமா இல்லாம பொசுக்குனு இறங்குச்சுன்னா அடியில முட்டை இருக்கு. அப்புறம் கையால தோண்டணும், ஒன்றரை அடி ஆழத்துல குடம் மாதிரி வாய் குறுகி வயிறு அகலமா இருக்கும், நூறுக்கு மேல முட்டை, ஒவ்வொண்ணா திருப்பாம எடுத்து துணிப்பையில வெச்சு, பொரிப்பகத்துல அதே ஆழத்துல அதே வடிவத்துல குழி தோண்டி வெக்கணும். அங்கயே விட்டா நாய் கிளறிடும், தப்பிச்சு பொரிஞ்ச குஞ்சும் தெருவிளக்கு வெளிச்சத்தை கடல்னு நெனச்சு ரோட்டு பக்கம் போயிடும். 45, 50 நாள் கழிச்சு குஞ்சு வெளிய வரும். ஒரு தடவ வந்து செல்ஃபி எடுத்துட்டு போறவங்க நிறைய, சீசன் முழுக்க வர்றவங்கதான் கம்மி, நீங்க அந்த ரெண்டாவது ஆளா இருங்க.

கேள்வி: 2025 ஜனவரியில சென்னை கரையில அத்தன ஆமை செத்து ஒதுங்குச்சே, மீனவங்கதானே காரணம்? அவங்களையும் சேத்து ஆதரிக்க சொல்றீங்க!

பதில்: உங்க கோவம் எனக்கு புரியுது, அந்த மாசம் எனக்கும் தூக்கம் வரல. ஆனா எந்த மீனவர்னு பிரிச்சு பாக்கணும். ஆமை நுரையீரல்ல மூச்சு விடற ஜீவன், விசைப்படகு இழுவலையில மாட்டி ரொம்ப நேரம் அடியிலயே இழுபட்டா மூழ்கி செத்துடும். கரையிலேருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவலை போடக்கூடாதுன்னு விதி இருக்கு, வலையில ஆமை வெளியேற வழி விடற கருவியும் இருக்கு, ரெண்டும் கடல்ல நடக்குதான்னு பாக்கறதுதான் பிரச்சினை. அந்த விதி மீறப்படறதுல முதல்ல அடிபடறது கரையோரம் போற நாட்டுப்படகு, ஃபைபர் போட்காரங்கதான், அவங்க வலையையும் விசைப்படகு அறுத்துட்டு போயிடும். ஆமைக்கும் சின்ன மீனவருக்கும் கேக்க வேண்டிய நியாயம் ஒண்ணே. பணம் குடுக்கற அமைப்புகிட்ட இத பத்தி நீங்க பேசறீங்களான்னு கேளுங்க, முட்டை பொறுக்கறதோட நிறுத்திக்கிட்டா கடல்ல சாவு நிக்காது.

கேள்வி: அப்போ மீன் சாப்பிடறத விட்டுடலாமா?

பதில்: வேண்டாம்மா. நீங்க விட்டா அந்த ஃபைபர் போட்காரர் குடும்பத்துக்குதான் நஷ்டம். என்ன வாங்கறோம்னு பாருங்க போதும். முழங்கை நீளம் கூட இல்லாத வஞ்சிரக் குட்டி ஒரு தடவ கூட முட்டை விட்டிருக்காது, மலிவா குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. மத்தி சீக்கிரமா வளர்ந்து பெருகற மீன், ஏன் எல்லாரும் வஞ்சிரத்துக்கே ஓடறாங்கன்னு எனக்கு ஆதங்கம்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்கு, நாட்டுப்படகு போகும், அந்த ரெண்டு மாசம் கரைக்கே போய் அவங்ககிட்ட வாங்குங்க. எந்த மாசம் எந்த மீன் வாங்கலாம்னு இன்சீசன் ஃபிஷ் அமைப்பு சொல்லுது, அத பாருங்க.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல இருக்கேன், இங்கேருந்து அனுப்பலாமா?

பதில்: இந்திய பாஸ்போர்ட் இருந்து சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நிதி கணக்குல வராது. குடியுரிமை மாத்தியிருந்தா, எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நிதி வாங்க அரசாங்க அனுமதி) இருக்கற அமைப்புக்கு மட்டும்தான் அனுப்பணும், இல்லேன்னா மாட்டிக்கப்போறது அவங்க. அமைப்புகிட்ட கேட்டுட்டு அனுப்புங்க.

கேள்வி: பீச்ல உயிரோட ஆமைய பாத்தா என்ன பண்ணணும்?

பதில்: முட்டை வெக்க வந்ததுன்னா டார்ச், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம், தள்ளி பின்னாடி நின்னு நாயை மட்டும் விரட்டுங்க, அது தானா கடலுக்கு திரும்பிடும். வலையில சிக்கி கிடந்தா இழுக்காதீங்க, கால் கிழிஞ்சுடும், கத்தியால வலையை அறுத்து எடுக்கணும், தெரியலேன்னா பக்கத்துல இருக்கற மீனவரை கூப்பிடுங்க, வனத்துறைக்கும் போன் பண்ணிடுங்க.