அடக்கி வாசிப்பது எப்போது?

கேள்வி: சார், லாஸ் வேகாஸில் வேர்ல்ட் சீரீஸ் போக்கர் மெயின் ஈவண்டுக்கான 1,100 டாலர் சாட்டிலைட் (பெரிய போட்டியில் ஆடும் இடத்தையே பரிசாகத் தரும் தகுதிப் போட்டி) ஆடினேன். 100 பேர், 10 இடம். 11 பேர் மிச்சமிருந்தபோது சிப் கணக்கில் நான் இரண்டாவது. இருவரிடம் ஒரு பிளைண்டுக்குமேல் (முறை வரும்போது கட்டியே ஆகவேண்டிய பந்தயம்) இல்லை. முதலிடத்தில் இருந்தவர் சிப் முழுவதையும் வைத்து ஆல்-இன் போனார். என் கையில் இரண்டு ஏஸ், ஆரம்பத்தில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சீட்டு. ஆனாலும் மோதாமல் சீட்டைக் கீழே போட்டு ஃபோல்ட் செய்தேன், இடமும் கிடைத்தது. நண்பர்கள் ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார்கள். எப்போதுதான் அடக்கி வாசிப்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், சான் ஹோசே

பதில்: அந்த நண்பர்களை அடுத்த சாட்டிலைட்டுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்படிப்பட்டவர்கள் மேசையில் இருப்பது உங்களுக்கு நல்லது.

சாதாரண டோர்னமெண்டில் முதல் பரிசுக்கும் பத்தாம் பரிசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாட்டிலைட்டில் இருவருக்கும் அதே 10,000 டாலர் இடம்தான். மிஞ்சிய சிப்பை வீட்டுக்கா எடுத்துப் போக முடியும்? எதிராளியிடம் ஏதோ இரண்டு சீட்டு என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் ஏஸ் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 85 சதவீதம். ஒதுங்கியிருந்தால் கிட்டத்தட்ட 100. பிறகு எதற்குச் சண்டை?

ஆனால் இதைக் கேட்டுவிட்டு முதல் மணி நேரத்திலிருந்தே ஃபோல்ட் செய்துகொண்டு உட்காருகிறார்கள் பாருங்கள், அது அதைவிடக் கொடுமை. ஏறிக்கொண்டே போகும் பிளைண்ட் அவர்களை மென்று தின்றுவிடும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு 20,000 சிப் என்றால் மொத்தம் 20 லட்சம். கடைசியில் 10 பேரிடம் சராசரி 2 லட்சம். உங்களிடம் அதில் முக்கால்வாசி சேர்ந்து, ஆட்களும் இருபதுக்குள் வந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். அதுவரை வழக்கமான ஆட்டம்தான், பந்தயத்தை ஏற்றி மற்றவர்களை விரட்டிவிட்டு பிளைண்டைத் திருடுவது உட்பட.

ஐந்தாறு பிளைண்டு கட்டும் அளவு சிப்தான் மிச்சம் என்றால்? உங்களைவிடச் சின்ன ஸ்டாக் (சிப் குவியல்) நாலைந்து இருந்தால் பொறுத்திருக்கலாம். இடைவேளையில் எழுந்துபோய் அடுத்த மேசையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் நீங்களே முதலில் ஆல்-இன் போங்கள், அதுவும் நடுத்தர ஸ்டாக்குக்காரர்மேல். அவருக்குத்தான் இழக்கப் பயம் அதிகம். மலைபோல் சிப் வைத்திருப்பவர் சும்மா பார்ப்போமே என்று அதே அளவு கட்டி ‘கால்’ செய்துவிடுவார்.

2003-இல் 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட்டில் தொடங்கி மெயின் ஈவண்டில் 25 லட்சம் டாலர் ஜெயித்தாரே கிறிஸ் மணிமேக்கர், அவர் சாமி ஃபர்ஹாவிடம் அடித்த அந்தப் பிரபலமான பிளஃப்பை (நல்ல சீட்டு இருப்பதுபோல் மிரட்டுவது) உங்கள் நண்பர்கள் உதாரணம் காட்டலாம். அது மெயின் ஈவண்டின் கடைசி இருவர் ஆட்டத்தில் நடந்தது, சாட்டிலைட்டில் அல்ல.

அப்புறம், இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. போனில் தேட ஆரம்பித்துவிடாதீர்கள்.