மாற்றுத்திறனாளிகளையே தலைமைப் பயிற்றுநர்களாக உருவாக்க முடியுமா?

கேள்வி: எங்கள் வட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் நடத்துகிறோம். உரிமைகளைக் கேட்டுப் பெறவும் தலைமை ஏற்கவும் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடாமல் எங்கள் ஆட்களையே பயிற்றுநர்களாக ஆக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். அப்படித்தான் செய்யவும் வேண்டும். எனக்குச் சிறு வயதில் போலியோ வந்தது, காலிப்பர் போட்டு நடக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் சுயஉதவிக் குழுக்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தங்கள் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறின. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனை இடங்களுக்கும் கூட்டத்தில் எழுந்து பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். இல்லையென்றால் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும், முடிவை வேறு யாராவது எடுப்பார்கள்.

முதல் வேலை ஆள் தேர்வு. மேடையில் நன்றாகப் பேசுகிறவரையே கை காட்டுவது வழக்கம். பெரும்பாலும் அவர் படித்த, கை கால் பாதிப்பு மட்டும் உள்ள ஆணாக இருப்பார். காது கேளாத பெண்களும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும், பார்வையற்ற முதியவர்களும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்ப்பது வேறு ஒன்றை: உதவித்தொகை நின்றுபோனால் மற்றவர்கள் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்? அந்த ஆளைப் பிடியுங்கள். பேச்சைப் பழக்கிவிடலாம். மற்றவர்களின் நம்பிக்கையை நாம் பழக்கித் தர முடியாது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எப்படிப் பயிற்றுநராக முடியும் என்று உங்கள் சங்கத்திலேயே ஒருவர் கேட்பார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அங்கே இப்படிப்பட்ட சிலர், தங்களுக்காக நடந்த மாநாடு ஒன்றுக்கு 1973-இல் கனடா போனார்கள். போய்ப் பார்த்தால், அதை நடத்தியது முழுக்க நிபுணர்கள்தான். நம்முடையதை நாமே நடத்துவோம் என்று திரும்பி வந்து, 1974-இல் சேலம் நகரில் (அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு) கூடித் தாங்களே திட்டமிட்டு, அதே ஆண்டு ஆரிகனிலேயே ஆட்டர் கிரெஸ்ட் என்ற இடத்தில் ஒரு மாநாடு கூட்டினார்கள். 500-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' இயக்கம் அதிலிருந்து பிறந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதில் உதவியாளர்களும் உண்டு. கேட்டால் உதவுவார்கள், முடிவெடுப்பது உறுப்பினர்கள்தான்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. வகுப்பில் ஒரு பையனிடம் "தம்பி, உனக்கு என்ன வேலை செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டால் அம்மாவிடமிருந்து பதில் வரும். "அவனுக்கு என்னங்க தெரியும், நான் சொல்றேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. இருபது வருடமாக அவனுக்காக எல்லா அலுவலகங்களிலும் அவர்கள்தான் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டால் பயிற்சிக்கே அர்த்தமில்லை. அதனால் பெற்றோருக்குத் தனி அமர்வு வையுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருப்பதை அவர்கள் பழகட்டும். அரை நிமிடம் சும்மா இருப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். வீட்டில் எந்தச் சட்டை போடுவது, டீயா காபியா, கடையில் மீதிக் காசை யார் வாங்குவது என்று சின்ன முடிவுகளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சட்டை தேர்ந்தெடுக்க விடாதவரைக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரச் சொல்ல முடியாது.

வகுப்பில் உரை வேண்டாம், ஒத்திகை வேண்டும். ஒருவர் ஊராட்சித் தலைவர், ஒருவர் செயலர், இன்னொருவர் நடுவில் புகுந்து "அப்புறம் பார்க்கலாம் உட்காருப்பா" என்று சொல்பவர். பயிற்றுநராக வரப்போகிறவர் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, ரேஷன் கடைக்குச் சாய்தளம் கேட்டுப் பேசி முடிக்க வேண்டும். பிறகு பாத்திரங்களை மாற்றுங்கள். கடைசியில் அந்த ஒத்திகையை அவரே வேறொரு குழுவுக்கு நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். அதற்கடுத்த கிராம சபைக்கு நேரிலேயே போகட்டும். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவதும் இதே மாதிரிதான். தானே வாங்கியவர் சொல்லிக்கொடுத்தால் கேட்கிறவருக்குத் துணிச்சல் வருகிறது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை முழுதாகப் பாடம் நடத்தாதீர்கள். பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்பதெல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். நேரம் கொடுக்க வேண்டியவை இரண்டு பிரிவுகள். பிரிவு 13 சொத்து வைத்திருக்கவும், பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை தருகிறது. அதாவது வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்கலாம். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் பிரிவு 92-இன் கீழ் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. இதைத் தெரிந்துகொண்டதும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செலவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பயிற்றுநருக்கு மதிப்பூதியம், துணைக்கு வருபவருக்குப் பயணப்படி, சைகை மொழிபெயர்ப்பாளர், நுழையக்கூடிய கழிப்பறை, இவற்றைத் திட்டம் போடும்போதே எழுதிவிடுங்கள். வெளியூர்ப் பேச்சாளருக்குக் கவரில் பணமும் நம் ஆளுக்குச் சால்வையும் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அவர் செய்வது வேலை, அதற்குக் கூலி உண்டு. பணம் குறைவு என்றால் ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருடன் தொடங்கினாலும் போதும், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும்.