ரிப்போர்ட் நல்லா இருக்கு, மனசுதான் சரியில்லை: வாசகியர் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வரும் பயம், சோர்வு பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அப்போதெல்லாம் தைரியமாக இருந்த நான் இப்போது தினமும் அழுகிறேன். ஏன்?

நிறையப் பேருக்கு இப்படித்தான். சிகிச்சை ஓடும்போது அடுத்த கீமோ தேதி, ரத்தப் பரிசோதனை, வண்டி ஏற்பாடு என்று நாள் போய்விடும், நடந்ததை யோசிக்கவே நேரம் இருக்காது, எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகுதான் அது மொத்தமாக வந்து இறங்கும். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் சோர்வு, எதிலும் ஆசையில்லை, தூக்கமில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே சோர்வு வரும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கேன்சர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

எந்த மாத்திரை அம்மா? ரெண்டுக்கும் பெயர் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாகச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையான டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு, பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டையும் தவிர்ப்பது வழக்கம். டாமாக்சிஃபெனை வேலை செய்யும் மருந்தாக மாற்றும் கல்லீரல் என்சைமை அவை தடுத்துவிடும். வென்லாஃபாக்சின், எஸ்சிடாலோப்ராம் மாதிரி வேறு மருந்துகள் இருக்கின்றன, வென்லாஃபாக்சின் உடம்பில் திடீரென்று வரும் அந்தச் சூட்டையும் குறைக்கும். மனநல மருத்துவரிடம் போகும்போது கேன்சர் சீட்டையும் கொண்டுபோங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கவலைப்பட்டால் கேன்சர் திரும்ப வந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார். அழவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாசிட்டிவா இரு, பாதி நோய் மனசுலதான்" என்று சொல்லாத சொந்தக்காரர் தமிழ்நாட்டில் உண்டா? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, பக்கத்துத் தெருவில் யாரோ இறந்த கதையைச் சொல்லிவிட்டு, போகும்போது "கவலைப்படாதே" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். அழுததால் கேன்சர் திரும்பியது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது. திரும்ப வருமா என்பது கட்டியின் வகை, எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், அக்குளில் நெறி கட்டியிருந்ததா, சிகிச்சை முழுசாக நடந்ததா என்பவற்றைப் பொறுத்தது. இந்தப் பேச்சால் நடப்பது ஒன்றுதான்: ஏற்கெனவே பயத்தில் இருப்பவளுக்கு, பயப்படுகிறோமே என்று இன்னொரு பயம். அப்புறம் அவள் டாக்டரிடம்கூட "நல்லா இருக்கேன்" என்று சிரித்துவிட்டு வந்துவிடுவாள். மனச்சோர்வு நேராகக் கெடுப்பதும் இங்கேதான்: மாத்திரை எதற்கு என்று தோன்றும், ரிவ்யூவுக்குப் போகப் பிடிக்காது. டாமாக்சிஃபென் ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் விடாமல் சாப்பிட வேண்டியது. அதனால்தான் சோர்வுக்கு வைத்தியம் பாருங்கள் என்கிறேன், அழாதே என்று சொல்வது வைத்தியம் இல்லை. அழுகை வந்தால் அழுங்கள். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

மனைவி கண்ணாடி பார்ப்பதில்லை, என்னையும் பக்கத்தில் விடுவதில்லை. என்ன செய்ய?

கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ், கணவர்கள் எழுதுவது அபூர்வம். அவசரப்படுத்தாதீர்கள், "எனக்கு அதெல்லாம் பெரிசில்லை" என்றும் சொல்லாதீர்கள், அவருக்கு அது பெரிசு. கட்டு மாற்றும்போது கூட இருக்கலாமா என்று கேளுங்கள். பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான் மார்பகமும் அதற்கான பிராவும் கிடைக்கின்றன. மார்பகத்தை மறுசீரமைக்கும் அறுவை பல வருஷம் கழித்தும் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பயம் தீர மூன்று மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), டாக்டர் சொன்ன தேதியில் நேரில் பரிசோதனை, வழக்கமாக இது போதும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரத் தூக்கம்தான் போகும்.

கீமோ போட்ட அன்றும் மறுநாளும் தூக்கமே இல்லை, எரிச்சல்.

கூடவே கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து காரணமாக இருக்கலாம். காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறுபடி சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அல்ப்ராசோலம் பாதி கொடுத்தார், நன்றாகத் தூங்கினேன். தொடரலாமா?

கூடாது. பழகிவிடும். அக்காவிடமும் சொல்லுங்கள்.

மனநல டாக்டரிடம் போகப் பணமும் இல்லை, ஊரில் பேச்சு வரும் என்ற பயமும் இருக்கிறது.

14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது. இலவசம், இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள் அங்கேயே இதற்கென்று இருக்கும் உளவியல் பிரிவைக் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.