பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் தம்பி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. போன டிசம்பரில் அவன் ஒரு படம் அனுப்பினான். ராணுவ உடுப்பில் சிலர் கடை வாசலில் பெரிய பெட்டி வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை சேர்க்கிறார்கள். ஓய்வு பெற்ற வீரர்களின் சங்கத்துக்காரர்களும் கூட நிற்கிறார்களாம்.

நம் மலையில் வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கிறது. ஹட்டிக்கு, அதாவது ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும், நாலு பேராவது பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள். ஆனால் இங்கே சங்கம் என்றால் ஜனவரி 26 அன்று மெடல் குத்திக்கொண்டு கொடியேற்றிவிட்டு, ராணுவக் கேன்டீனில் எது கிடைக்கவில்லை என்று பேசிக் கலைவதைத்தான் பார்க்கிறேன். என் வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர், இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் செய்வதை நம் ஆட்கள் ஏன் செய்வதில்லை?

ஒரு ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் தம்பி பார்த்தது ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’. 1947ல் லாஸ் ஏஞ்சலஸில் பில் ஹெண்ட்ரிக்ஸ் என்ற மரைன் ரிசர்வ் மேஜர் தொடங்கியது. அவர் மனைவி தன் கையால் ஒரு துணிப் பொம்மை செய்து, இதை ஏதாவது ஏழைக் குழந்தைக்குச் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்திருக்கிறார். சேர்ப்பதற்கு ஊரில் ஓர் அமைப்பும் இல்லை. அப்படியானால் நீங்களே ஆரம்பியுங்கள் என்றாராம். முதல் வருடமே 5,000 பொம்மை. அடுத்த வருடம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

ஆனால் அங்கே பழைய ராணுவத்தாரின் சங்கம் முளைத்த விதமே வேறு. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919ல், பாரிஸில் இருந்த அமெரிக்க ராணுவத்தார் தாங்களே கூடி உண்டாக்கியது அமெரிக்கன் லீஜன். ஊருக்கு ஊர் கிளை, அவர்களே நிதி திரட்டுவார்கள், கஷ்டத்தில் இருக்கும் ராணுவத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்களே கொடுப்பார்கள். அதே 1919ல் இந்தியாவிலும் ஒன்று வந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் தானே அமைத்த இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டு. முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் இன்றைய கேந்திரிய சைனிக் போர்டு அதன் வாரிசு. அங்கே சிப்பாய் சங்கம் அமைத்தான், இங்கே சர்க்கார் ஆபீஸ் திறந்தது. நூறு வருடம் ஆகியும் இந்த வித்தியாசம் மாறவில்லை. நம் சங்கங்களிடம் பெரிதாகப் பணம் கிடையாது. பணமும் திட்டமும் சர்க்காரிடம் இருக்கின்றன. அதைச் சிப்பாயின் விதவையிடம் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த ஒரு ஆளைத்தான் சங்கம் கொடுக்க முடியும். அந்த ஆள் நல்லவராக வாய்த்தால் பொம்மையைவிடப் பெரிய விஷயம் நடக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சுபேதார் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கோ வெலிங்டனுக்கோ பஸ் ஏறுவார். பெரும்பாலும் சிக்கல் ஒன்றுதான்: பெயர். அந்த அம்மாவுக்கு வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், முப்பது வருடம் முன்பு புருஷன் கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பியபோது யூனிட் கிளார்க் எழுதிக்கொண்ட பெயர் இன்னொன்று. புருஷன் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதினால், இந்தப் பெண்ணும் அந்தப் பெண்ணும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வரும். நோட்டரி அபிடவிட், ஆதார், பிபிஓ என்கிற ஓய்வூதிய உத்தரவின் நகல் எல்லாம் வைத்து, சிப்பாய்களின் ஆவணங்கள் இருக்கிற ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பித் திருத்த வேண்டும்.

இதில் நீலகிரிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனிலேயே இருக்கிறது. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிற இடத்துக்கு நாம் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் எல்லாருமா மெட்ராஸ் ரெஜிமென்ட்? பீரங்கிப் படையில் இருந்தவர் என்றால் நாசிக், வண்டியும் இயந்திரமும் பழுதுபார்க்கும் இஎம்இ என்றால் செகந்திராபாத், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். கொழுந்து பறிக்கிற அம்மா ஜபல்பூருக்கு என்ன எழுதுவார், எந்த மொழியில் எழுதுவார்? இப்போது ஓய்வூதியம் எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையதளத்துக்குப் போய்விட்டது. வருடா வருடம் உயிர்வாழ் சான்று அதில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் பணம் நின்றுவிடும். சுபேதார் இதற்காகவே பேரனிடம் ஸ்மார்ட்போன் கற்றுக்கொண்டார். பேரன் சொல்லிக்கொடுத்ததைவிடத் திட்டியது அதிகம் என்பார்.

சரி, உங்கள் மாணவி விஷயம். முதல் கேள்வி, அவள் அப்பா 15 வருட சர்வீஸ் முடித்தாரா என்பது. முடித்துப் பென்ஷனோடு வந்தவர் என்றால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தாக வேண்டும். குறைந்தபட்சமே மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. அது வராமல் ஒரு தாய் தோட்டத்துக்குப் போகிறார் என்றால் ஏதோ ஒரு காகிதம் எங்கேயோ நின்றிருக்கிறது. பென்ஷன் இல்லாமல் இடையிலேயே வந்தவர் என்றாலும் கதவு மொத்தமாக மூடிவிடவில்லை. ஹவில்தார் வரை இருந்தவர்களின் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை கேந்திரிய சைனிக் போர்டின் கல்வி உதவி உண்டு. வெகுகாலம் மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000. ஒவ்வொரு வகுப்பும் தேறிய பிறகு அந்தந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டும். பலர் ஒரு தடவை எழுதிவிட்டு, தானாக வரும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் அவள் பிளஸ் டூவில் 60 சதவீதம் வாங்கித் தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் உதவித்தொகைக்குப் போட்டி போடலாம். நாடு முழுக்க வருடத்துக்கு 5,500 பேருக்கு, பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500.

முதல் வேலையாக அம்மாவிடம் டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் நம்பர் போதும். பழைய மணியார்டர் ரசீதிலோ, இரும்புப் பெட்டி மூடியில் பெயின்ட் அடித்தோ அந்த நம்பர் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஊட்டியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். சனிக்கிழமை போகச் சொல்லிவிடாதீர்கள், பூட்டியிருக்கும்.

இன்னொன்று. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உங்கள் பள்ளிக்கும் கொடிக்கட்டு வந்திருக்கும், நீங்களும் வகுப்பில் விற்றுக் காசு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். 1949லிருந்து நடக்கிற வழக்கம். அந்தக் காசு போய்ச் சேருவது இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும் விதவைகளின் உதவிக்கும்தான். ஆக, உங்கள் மாணவி வாங்காமல் விட்ட பணத்தில் நீங்கள் வசூலித்த காசும் கொஞ்சம் இருக்கலாம்.

உங்கள் கோபத்தின் நியாயமான பாதிக்கு வருகிறேன். சங்கக் கூட்டங்களுக்கு நானும் விருந்தாளியாகப் போயிருக்கிறேன். நீங்கள் சொன்ன கேன்டீன் பேச்சு நிஜம். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் பற்றிய பேச்சு அதைவிட நீளம். விதவைகள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. வந்தால் உட்காரத் தனி நாற்காலி வரிசைகூட இருக்காது. உதவி வேண்டியவர் வராத கூட்டத்தில் உதவியைப் பற்றி எப்படிப் பேசுவார்கள்? சுபேதார் வீடு வீடாகப் போகிறார், அவரைப் போல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பதில்லை. உங்கள் மாணவியின் ஹட்டியில் இல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அப்புறம் சங்கங்கள் நடத்துகிற இலவச நோட்டுப் புத்தக விழா. நாற்பது ரூபாய் நோட்டை வாங்க ஒரு குழந்தை பத்துப் பெரியவர்களுக்கு நடுவே பேனருக்குக் கீழே நின்று சிரிக்க வேண்டியிருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளை என்று ஊருக்கே அறிவிக்கிற இந்த வேலையை உடனே நிறுத்தலாம். நிறுத்தினால் பேனர் செலவாவது மிஞ்சும்.

பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு என்று இந்த மலையில் எழுந்த முதல் பெரிய கட்டடம் எது தெரியுமா? லவ்டேல் லாரன்ஸ் பள்ளி. 1858ல் லாரன்ஸ் அசைலம் என்ற பெயரில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. கறுப்புச் சிப்பாயின் பிள்ளைக்கு அதில் இடம் கிடையாது. இன்று அங்கே கட்டணம் கட்டுகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய நோக்கத்தைத் தேடி அந்தப் பக்கம் போகாமல், உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பாருங்கள். 1962லிருந்து நடக்கிறது, ராணுவத்தார் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய உங்களைப் போன்ற ஆசிரியர்களும் சங்கமும் சேர்ந்தால் நல்லது.

பட்டாளத்தோடு சம்பந்தமே இல்லாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கம் என்ன செய்கிறது என்றும் கேட்கலாம். குறைவுதான். ஆனால் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர் 8ல் ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் கம்பளியும் தண்ணீருமாக ஓடினார்கள். அதற்கு நன்றியாக ராணுவம் அந்த ஊரை ஒரு வருடத்துக்குத் தத்தெடுத்து மாதாமாதம் டாக்டரை அனுப்புவதாகச் சொன்னது. அது சேவையில் இருக்கும் ராணுவம். ஓய்வு பெற்றவர்கள் செய்வது வேறு மாதிரி. எங்கள் பக்கம் ஓரிருவர் பையன்களை ராணுவத் தேர்வுக்குத் தயார் செய்யக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் விசிலோடு நிற்கிறார்கள். வருகிற பையன்களில் பாதிப் பேர் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லைன் வீட்டுப் பிள்ளைகள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரன்கள். முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பத்து புல்அப்ஸ் எடுக்க வேண்டும். மலையில் ஓடிப் பழகியவனுக்குச் சமவெளியில் நடக்கும் ஆள்சேர்ப்பு ரேலியில் மூச்சு நன்றாகவே நிற்கும். இதற்குக் காசு வாங்குவதில்லை.

எனக்கு உறுத்தல் இந்த இடத்தில்தான். 2022லிருந்து இந்தப் பையன்கள் சேருவது அக்னிவீரர்களாக. நாலு வருடம். நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை, ஓய்வு பெற்ற ராணுவத்தாருக்கான இசிஹெச்எஸ் மருத்துவம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. தரைப்படையின் முதல் தொகுதி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். விசில் ஊதி அனுப்பிவைத்த சங்கத்திலேயே அவனுக்கு உறுப்பினர் அட்டை கிடைக்காது. விதியில் ‘முன்னாள் படைவீரர்’ என்று இருக்கிறது, அவன் அது இல்லை. நாளைக்கு அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், மேலே சொன்ன கல்வி உதவி எதிலும் அந்தப் பிள்ளை வராது.

சங்க விதியைத் திருத்தச் சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை, பொதுக்குழுவில் கை தூக்கித் தீர்மானம் போட்டு, சங்கப் பதிவாளரிடம் பதிந்தால் போதும். போன கூட்டத்தில் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். நீங்களும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள் டீச்சர். நான் எழுதினால் கதைக்காரன் என்று விட்டுவிடுவார்கள். உங்களை அப்படி விட முடியாது, அவர்களில் பாதிப் பேரின் பேரப்பிள்ளைகள் உங்கள் பள்ளியில்தானே படிக்கிறார்கள்.