"நாட்டைத் திருத்த என் மகள்தானா கிடைத்தாள்?"

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரப் போகிறாள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று உங்களுக்குப் பயம். நடுவில் "நாட்டைத் திருத்த இவள்தானா கிடைத்தாள்?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கோபத்தில் வந்த வரிதான், ஆனால் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடம் கட்டவும் ஆசிரியரை நியமிக்கவும் அரசால் முடியும். வகுப்பில் பின்தங்கிப்போன குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க, தலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க எந்த அரசாலும் முடியாது. அந்த இடத்துக்குத்தான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். 1961-இல் கியூபாவில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஒரு லட்சம் பேர் அளவுக்கு இளைஞர்களும் மாணவர்களும் கிராமங்களில் போய்த் தங்கினார்கள். பகலில் அந்த வீட்டுக்காரர்களோடு வயலில் வேலை, இரவில் விளக்கு வெளிச்சத்தில் அவர்களுக்கே பாடம். பலர் உங்கள் மகளைவிட வயதில் சிறியவர்கள். ஆண்டு முடிவில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றுவிட்டதாக அரசு அறிவித்தது. அந்த அரசைப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம், அது வேறு கதை. சொல்லிக் கொடுத்தவர்கள் உங்கள் மகளைப் போன்றவர்கள்தான்.

ஆனால் ஆர்வம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஓராண்டில் உதவிக்கு வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம். நிறையப் பேருக்கு முன் அனுபவமே இல்லை. அந்த ஆண்டை அங்கே 'தன்னார்வத் தொண்டின் முதல் ஆண்டு' என்றே சொல்கிறார்கள். அதே சமயம், வந்து நிற்பவர்களை எங்கே அனுப்புவது, யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்ற தடுமாற்றமும் இருந்தது. 1998-இல் லாப நோக்கற்ற அமைப்புகள் எளிதாகச் சட்ட அங்கீகாரம் பெற வழிசெய்யும் தனிச் சட்டமே வந்தது. ஓடிவரும் கைகளுக்கு ஓர் ஒழுங்கு தேவை என்பதை அந்த நாடு அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

சரி, இப்போது உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். என்னிடம் சில மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு சான்றிதழ்களோடு வருவார்கள். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரை நாள் வேலை. மரக்கன்று நட்டு, படமும் எடுத்திருப்பார்கள். அந்தக் கன்று இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. இதனால் நாட்டுக்கும் பயன் இல்லை, அவர்களுக்கும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சனிக்கிழமை உங்கள் மகள் போகாவிட்டால் அங்கே யாராவது அவளைத் தேடுவார்களா? தேடுவார்கள் என்றால் அது உண்மையான வேலை. தாராளமாக அனுப்புங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தன்னார்வப் பணியை ஒரு வகை வேலையாகத்தான் கணக்கில் எடுக்கிறது. ஊதியமில்லாமல், கட்டாயமில்லாமல், பிறருக்காகச் செய்யும் வேலை. சொந்தக் குடும்பத்துக்குச் செய்வது இதில் சேராது. அந்த வேலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்! 'கட்டாயமில்லாமல்' என்பதையும் கவனியுங்கள். நாளைக்கே நீங்கள் மனம் மாறி, "வேலைக்கு உதவுமாம், விடாமல் போ" என்று அவளை விரட்ட ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

படிப்பு? வாரத்துக்கு மூன்று மணி நேரத்தால் மதிப்பெண் சரியாது. தேர்வு மாதத்தில் வர முடியாது என்பதை முன்கூட்டியே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, மாற்று ஆளையும் அவளே ஏற்பாடு செய்யட்டும். அலுவலகத்தில் விடுப்பு எடுப்பதும் இப்படித்தான்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை மிகைப்படுத்த மாட்டேன். கணக்காளர் வேலைக்குப் போனால் முதலில் கணக்கைத்தான் சோதிப்பார்கள். ஆசிரியப் பணி, பொதுச் சுகாதாரம், சமூகப் பணி போன்ற துறைகளில் இந்த அனுபவத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. 1970-இல் தொடங்கப்பட்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 வயது முதலே இடங்கள் உண்டு. களப்பணிக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கான படி தருகிறார்கள். பட்டம் முடித்தபின் அவள் அதைப் பார்க்கலாம்.

சேருவதற்கு முன் ஒருமுறை நீங்களும் கூடப் போய் வாருங்கள். குழந்தைகளோடு பழகுபவர்களுக்கு என்ன பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேரவே பணம் கட்டச் சொன்னாலோ, சம்பள ஆளை நிறுத்திவிட்டு அந்த வேலையை இவள் தலையில் கட்டினாலோ வேண்டாம்.

அப்புறம், சான்றிதழ் தருவார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் போகட்டும். அதன்பின், எத்தனை குழந்தைகளை எவ்வளவு காலம் கவனித்தாள், அவர்களின் வாசிப்பில் என்ன மாற்றம் வந்தது என்று ஒருங்கிணைப்பாளரே எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதற்கு முதல் வாரத்திலிருந்தே அவள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது.